மட்டம் ஏறிய ஏரியில் படகு விடும் முன்

2013 ஜனவரியில் வட அமெரிக்காவின் மிச்சிகன், ஹியூரான் ஏரிகளின் நீர்மட்டம் 576.02 அடிக்கு இறங்கியது. 1918 முதல் எழுதிவரும் மாதக் கணக்கில் அவ்வளவு கீழே அது போனதே இல்லை. பெயர் இரண்டாக இருந்தாலும் நீரியல் கணக்கில் இவை ஒரே ஏரிதான். மேக்கினா நீரிணை வழியாகத் தண்ணீர் தாராளமாகப் போய்வருவதால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 1990களின் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் நீடித்த தாழ்நிலையின் அடிப்புள்ளி அது. படகுத்துறைகளில் மேடை இருந்தது, கட்டக் கயிறு இருந்தது, மிதக்கத்தான் தண்ணீர் இல்லை.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2014 முடிவதற்குள் மட்டம் மூன்று அடிக்கு மேல் ஏறிவிட்டது. ஏற்றம் அதோடு நிற்கவும் இல்லை. 2020 கோடையில் 582 அடியைத் தாண்டி, 1986 அக்டோபரில் பதிவான 582.35 அடி என்ற உச்சத்தை நெருங்கியது. ஏழே ஆண்டுகளில் ஒரே ஏரி தன் வரலாற்றின் அடிமட்டத்திலிருந்து ஏறக்குறைய உச்சிவரை போய்விட்டது.

பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் "தண்ணீர் திரும்பிவிட்டது" என்று சொல்லும்போது, பழைய ஏரியே அப்படியே திரும்பிவிட்டதாக ஓர் எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. அப்படித் திரும்புவதில்லை. வற்றிக் கிடந்த காலத்தில் அடித்தளம் மாறியிருக்கும், மேடைகளின் கால்கள் மாறியிருக்கும், ஓட்டுகிறவரின் பழக்கமும் மாறியிருக்கும். வற்றிய ஏரி தன் ஆபத்துகளைக் கண்முன் காட்டிவிடும், ஏறிக்கொண்டிருக்கும் ஏரிதான் ஏமாற்றும் என்பது என் எண்ணம்.

ஏன் ஏறியது?

இப்படி ஓர் ஏரி ஏறும்போது "யார் மதகைத் திறந்தது, யார் மூடியது?" என்ற கேள்வி கரையோரங்களில் தவறாமல் எழும். மிச்சிகன்–ஹியூரானைப் பொறுத்தவரை மதகே கிடையாது. தண்ணீர் செயின்ட் கிளேர் ஆறு வழியாகத் தன்போக்கில் வெளியேறுகிறது. இவை இரண்டும் சேர்ந்த வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் சுப்பீரியர், ஒன்டாரியோ இரண்டின் வெளியேற்றத்தை மட்டுமே கட்டுப்படுத்த முடியும். அதை மேற்பார்வை செய்வது, 1909இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட எல்லை நீர் ஒப்பந்தத்தில் பிறந்த பன்னாட்டுக் கூட்டு ஆணையம். அந்தக் கட்டுப்பாடும் ஓரளவுக்குத்தான் செல்லும். செயின்ட் கிளேர் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்காக ஆழப்படுத்தியதால் ஹியூரானின் மட்டம் நிரந்தரமாகச் சற்றுத் தாழ்ந்தது உண்மை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கத்துக்கு வானிலைதான் காரணம்.

வரவு எல்லோருக்கும் புரியும்: ஏரியின்மேல் நேரடியாக விழும் மழையும் பனியும், சுற்றுப்புற நிலத்திலிருந்து ஓடிவரும் நீரும். செலவில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெயில் காலத்தில்தான் ஏரி அதிகம் ஆவியாகும் என்று நினைப்போம். இந்தப் பெரிய ஏரிகளில் நடப்பது நேர் எதிர். கோடை முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்ட தண்ணீரின்மேல், இலையுதிர் காலத்தில் வறண்ட குளிர்காற்று வீசத் தொடங்கும்போதுதான் ஆவியாதல் உச்சத்துக்குப் போகிறது. குளிர்காலத் தொடக்கம்வரை அது ஓயாது. அதனால்தான் மட்டம் குளிர்காலக் கடைசியில் ஆண்டின் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. பனி உருகி, வசந்த மழையும் பெய்து, ஜூலை வாக்கில் உச்சம் தொடுகிறது. இந்தப் பருவச் சுழற்சி மட்டுமே சுமார் ஓர் அடி வரும். மே மாதத்தில் "ஏரி ஏறுகிறது" என்று யாராவது சொன்னால், அது வருடா வருடம் நடப்பதுதானா அல்லது போன வருட மே மாதத்தைவிட உயர்வா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2013 வசந்தத்தில் மழை நன்றாகப் பெய்தது. அதற்கடுத்த குளிர்காலம் கடுமையானது. 2014 மார்ச் தொடக்கத்தில் பேரேரிகளின் பரப்பில் 92.5 விழுக்காடு உறைந்துபோனது. சுப்பீரியரில் ஜூன் தொடக்கத்தில்கூடப் பனிக்கட்டிகள் மிதந்தன. பனி மூடிபோல ஏரியை மூடி ஆவியாதலைத் தடுத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. அவ்வளவு பனி உறைய வேண்டுமென்றால், அதற்கு முன் ஏரி ஏராளமான வெப்பத்தை இழந்திருக்க வேண்டும். அந்த இழப்பின் பெரும்பகுதி ஆவியாகவே போகிறது. பெரிய பலன் பின்னால்தான் வந்தது. அவ்வளவு குளிர்ந்த ஏரி 2014 கோடையில் சரியாகச் சூடேறவில்லை. சூடேறாத ஏரி அந்த ஆண்டு குறைவாக ஆவியாயிற்று.

படகுக்காரருக்கு இந்தக் கதை எதற்கு? ஏற்றத்தின் காரணம் தெரிந்தால், அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பற்றி ஒரு மதிப்பீடாவது கிடைக்கும். 2013இல் மிச்சிகன் மாநிலம் துறைமுகங்களை அவசரமாகத் தூர்வார ஏறக்குறைய 2 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டே ஆண்டுகளில் தண்ணீர் தானாகவே வந்தது. அதை வீண் செலவு என்று சொல்லிவிட மாட்டேன். வாய்க்கால்களில் மணல் படிவது நிற்பதில்லை, மட்டமும் மறுபடி ஒருநாள் இறங்கும். ஆனால் புதிய மேடை கட்டுவது, பெரிய கீல் (படகின் அடியில் தண்ணீருக்குள் நீளும் தகடு) உள்ள பாய்மரப் படகு வாங்குவது போன்ற முடிவுகளை ஒரே ஒரு ஆண்டின் மட்டத்தை வைத்து எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வரைபடத்தில் இருக்கும் ஆழம்

செய்தியில் வரும் எண் ஏரியின் ஆழம் அல்ல. 576 என்பதும் 582 என்பதும் கடல்மட்டத்திலிருந்து ஏரியின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுபவை. உங்கள் படகின் அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய இன்னொரு எண் வேண்டும்.

நீர்வழி வரைபடங்களில் அச்சிட்டிருக்கும் ஆழங்கள் ஓர் அடிப்படை மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை. மிச்சிகன்–ஹியூரானுக்கு அது 577.5 அடி. பெரும்பாலான காலம் தண்ணீர் இதற்கு மேலேதான் இருக்கும் என்ற கணிப்பில் வைத்த மட்டம் இது. இன்றைய மட்டத்திலிருந்து இதைக் கழித்து, மீதியை அச்சிட்ட ஆழத்தோடு கூட்ட வேண்டும். 2013 ஜனவரியில் அந்த மீதி ஏறக்குறைய ஒன்றரை அடி, அதுவும் கழிக்க வேண்டிய ஒன்றரை அடி. வரைபடத்தில் 5 அடி என்று போட்டிருந்த இடத்தில் மூன்றரை அடிதான் இருந்தது. நாலடி கீல் உள்ள படகு அங்கே தரை தட்டும். மட்டம் 581 அடியாக இருக்கும்போது அதே இடத்தில் எட்டரை அடி தண்ணீர். அடிப்படை மட்டத்துக்குக் கீழே ஏரி போகவே போகாது என்று நம்பியவர்கள் 2013இல் பாடம் கற்றார்கள்.

ஆழம் கூடும்போது தலைக்குமேல் இடம் குறைகிறது. இது பலர் மறந்துவிடும் பாதி. பேரேரிகளின் வரைபடங்களில் பாலங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் கீழே உள்ள இடைவெளியும் இதே அடிப்படை மட்டத்திலிருந்துதான் குறிக்கப்படுகிறது. 581 அடியில் ஏரி நிற்கும் நாளில், அச்சிட்ட இடைவெளியில் மூன்றரை அடியைக் கழித்துவிட வேண்டும். தாழ்நிலைக் காலத்தில் பாலத்துக்கடியில் சிரமமில்லாமல் நுழைந்த பாய்மரம் இப்போது நுழையாமல் போகலாம். பாலத்தில் முட்டினால் பாய்மரம்தான் உடையும். உலோகப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு நடுவே நிலமும் சும்மா இல்லை. பனியுகத்தில் பெரும் பனிப்பாளங்களின் எடையில் அமுங்கிய பூமி இன்னும் மெல்ல மேலெழுகிறது, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அல்ல. ஏரி வெளியேறும் வாயோடு ஒப்பிட்டால், ஹியூரானின் வடகிழக்கிலுள்ள ஜார்ஜியன் விரிகுடாக் கரை நூறு ஆண்டில் ஏறக்குறைய ஒரு சாண் உயர்கிறது. தெற்கே மிச்சிகன் ஏரியின் கரை தாழ்கிறது. தாத்தா காலத்து மேடை ஒன்று ஜார்ஜியன் விரிகுடாவில் வறண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேற்று தெரிந்த பாறை

ஜார்ஜியன் விரிகுடா பல்லாயிரம் சிறு தீவுகளும் கருங்கல் பாறைகளும் நிறைந்த பகுதி. தாழ்நிலைக் காலத்தில் அந்தப் பாறைகள் தலைநீட்டிக்கொண்டு நின்றன, பறவைகள் உட்கார்ந்திருந்தன, தூரத்திலிருந்தே தெரிந்தன. பதினைந்து ஆண்டு என்பது சின்னக் காலம் அல்ல. அந்த இடைவெளியில் படகு ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே இருக்கிறது. "அந்தப் பாறைக்கு வலப்பக்கம் போ" என்பதுதான் அவர்கள் மனதிலுள்ள வரைபடம். தண்ணீர் மூன்றடி ஏறியதும் அந்தப் பாறை காணாமல்போகிறது. மேற்பரப்புக்கு அரையடி, ஓரடி கீழே அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரின் விசிறி சுழலும் ஆழம் சரியாக அதுதான்.

இன்னும் ஏறினால் ஆபத்து நீங்கிவிடும், பாறைக்குமேல் ஐந்தடி தண்ணீர் வந்துவிடும். சிக்கல் இந்த இடைக்காலத்தில்தான். பழைய பாறைகள் சில பாதுகாப்பான ஆழத்துக்குப் போக, முன்பு கரையாக இருந்த இடத்திலுள்ள பாறைகளும் வேலிக்கம்பங்களும் மரக்கட்டைகளும் புதிதாகத் தண்ணீருக்குள் வருகின்றன. அந்தப் பகுதியில் யாரும் படகு ஓட்டியதில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. ஜி.பி.எஸ். கருவியில் சேமித்த பழைய தடம் ஓரளவு உதவும். ஆனால் "போன வருடம் இதே வழியில் வந்தேன்" என்பதைவிட, ஆழமானியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போவதே புத்திசாலித்தனம்.

மேடையின் கால்களும் கசியும் மின்சாரமும்

மரம் எப்போதும் தண்ணீருக்குள் முழுக முழுக இருந்தால் எளிதில் உளுத்துப்போகாது, காற்று படாததால் பூஞ்சை வளராது. நிலையான மேடைகளின் கால்மரங்களும் மரச்சட்டங்களும் நீண்ட காலம் தாங்குவதன் ரகசியம் இதுதான். மட்டம் இறங்கிப் பல ஆண்டுகள் அவை வெளியே தெரியும்போது, காற்றும் ஈரமும் சேர்ந்து மரத்தை அரிக்கத் தொடங்குகின்றன. பிறகு தண்ணீர் ஏறி அந்தப் பகுதியை மூடிவிடுகிறது. மேலே பலகை புதிதாக இருக்கும், கீழே கால் உளுத்திருக்கும், பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. மேடையில் பெரிய படகைக் கட்டுவதற்கு முன் யாராவது தண்ணீரில் இறங்கி அந்தக் கால்களைக் குத்திப் பார்த்தாக வேண்டும்.

மிதக்கும் மேடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை தண்ணீரோடு ஏறும். ஆனால் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் தூண் போதிய உயரம் இல்லையென்றால், மிக உயர்ந்த மட்டத்தில் மேடை தூணைவிட்டே கழன்றுவிடலாம். கரையோடு இணைக்கும் நடைபாலத்தின் சாய்வும் மாறும்.

இவற்றைவிடக் கவலை தருவது மின்சாரம். படகுத்துறைகளில் படகுகளுக்கு மின்சாரம் தரும் பெட்டிகள் உண்டு. ஏறிவரும் தண்ணீர் அந்தப் பெட்டியையோ ஒயர்களையோ தொட்டால் மின்னோட்டம் ஏரிக்குள் கசியும். கடலைவிட நன்னீரில் இது மோசம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கசிந்த மின்னோட்டம் பெரும்பாலும் மனித உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நன்னீர் அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதைவிட நன்றாகக் கடத்துவது உப்பு நிறைந்த நம் உடல்தான், அதனால் மின்னோட்டம் உடல் வழியாகப் போகிறது. சிறிய அளவு போதும், தசைகள் செயலிழந்து நீந்துகிறவர் மூழ்கிவிடுவார். பார்ப்பவருக்கு அது சாதாரணமாக மூழ்கியதுபோலவே தோன்றும், காப்பாற்றக் குதிப்பவரும் மாட்டிக்கொள்வார். மின்வசதியுள்ள மேடைக்கு அருகில் நீந்தக் கூடாது. மட்டம் உயர்ந்த ஆண்டில் இந்த விதியை மீறவே கூடாது. தண்ணீர் பெட்டியை நெருங்கினால், மேடைக்குப் போவதற்கு முன்பே கரையிலுள்ள பிரேக்கரை அணைத்துவிட வேண்டும்.

2019, 2020இல் பேரேரிகளின் கரைகள் அரித்துப் போனபோது, பல இடங்களில் படகுகள் அலை எழுப்பாத வேகத்தில்தான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. தண்ணீர் போதவில்லை என்று படகு கரையில் நின்ற காலம் போய், தண்ணீர் அதிகம் என்று வேகம் குறைக்க வேண்டிய காலம் வந்தது.

அணை ஏரிகள் வேறு ரகம்

மேலே சொன்ன ஏற்றமெல்லாம் இயற்கை ஏரியில், ஆண்டுக்கு ஓரிரு அடி. நீர்த்தேக்கங்களில் அந்த அளவு ஒரே வாரத்தில் ஏறிவிடும்.

கொலராடோ ஆற்றின்மேல் கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால் இருக்கும் பவல் ஏரி நிரம்பினால் 3,700 அடி. நீண்ட வறட்சிக்குப்பின் 2023 வசந்தத்தில் அது ஏறக்குறைய 3,520 அடியில் கிடந்தது, நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப்பின் மிகத் தாழ்ந்த நிலை. அந்தக் குளிர்காலத்தில் மலைகளில் பனி அபாரமாகக் குவிந்திருந்தது. அது உருகி வர, ஜூலைத் தொடக்கத்துக்குள் மட்டம் அறுபது அடிக்கு மேல் ஏறி 3,584 அடியை எட்டியது. மூன்று மாதத்துக்குள், சராசரியாக நாளொன்றுக்கு முக்கால் அடி.

அந்த வேகத்தில் ஏறும் ஏரியில் இரவு தங்குவதற்கே தனி முறை வேண்டும். பவலில் வீட்டுப் படகை மணற்கரையில் ஏற்றி, நங்கூரங்களைக் கரையில் புதைத்து, அருகே கூடாரம் போடுவது வழக்கம். ஏறும் காலத்தில் நாலு நாள் கழித்துப் பார்த்தால் நங்கூரம் தண்ணீருக்குள் இருக்கும், கயிறு தளர்ந்திருக்கும், கூடாரம் நனைந்திருக்கும். தண்ணீருக்குள் போன நங்கூரத்தைப் பெயர்த்தெடுப்பது சாமானிய வேலையல்ல. தினமும் காலையில் கயிறுகளைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், நங்கூரத்தைக் கொஞ்சம் மேடாகவே புதைக்க வேண்டும்.

இங்கே மட்டம் ஒவ்வொரு வசதியையும் திறக்கவும் மூடவும் செய்கிறது. படகு இறக்கும் சரிவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச மட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் சிமெண்ட் முடிந்துவிடும், டிரெய்லரின் சக்கரம் விளிம்பைத் தாண்டி விழும். வாவீப் துறைக்கும் வார்ம் கிரீக் விரிகுடாவுக்கும் நடுவே காசில் ராக் கட் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அது மூடிக்கொள்ளும், படகுகள் பத்து மைலுக்கு மேல் சுற்ற வேண்டும். 2023இல் அது மறுபடி திறந்தது. எரிபொருள் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு மட்டம் எத்தனை அடி என்பதைவிட இந்த வழி திறந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

சரிவுத்தளங்களில் இன்னொரு மறைவான சிக்கலும் உண்டு. மோட்டாரை முடுக்கிப் படகை டிரெய்லரில் ஏற்றுவது பலரின் பழக்கம். விசிறி தள்ளும் நீர், தளத்தின் முனையில் மண்ணைத் தோண்டிக் குழியாக்கி, அந்த மண்ணைச் சற்றுத் தள்ளி மேடாகக் குவித்துவிடும். தாழ்நிலையில் போட்ட தற்காலிகத் தளங்களைச் சுற்றி இப்படி உருவான குழிகளும் மேடுகளும் மட்டம் ஏறும்போது கண்ணிலிருந்து மறைகின்றன.

கலிஃபோர்னியாவின் ஓரோவில் நீர்த்தேக்கம் 2021 செப்டம்பர் கடைசியில் சுமார் 628 அடிக்கு இறங்கியது. அதற்கு முன்பே வீட்டுப் படகுகளை இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள், தண்ணீர் போதாமல் நீர்மின் நிலையமும் ஆகஸ்டில் முதன்முறையாக நின்றது. 2023 கோடையில் அது 900 அடிக்கு முழுமையாக நிரம்பியது. இவ்வளவு வேகமாக நிரம்பும் ஏரி வெறும் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. ஆறுகள் அடித்துவரும் மரங்கள், வறண்ட கரையில் பல ஆண்டுகளாகக் கிடந்து காய்ந்த கட்டைகள், அங்கே முளைத்த புதர்கள் என எல்லாம் மிதக்கின்றன. பெரிய கட்டை முழுவதும் மேலே மிதப்பதுமில்லை. நனைந்து கனத்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்றபடி மிதக்கும். ஏறும் காலத்தில் இருட்டிய பிறகு வேகமாக ஓட்டுவதை விட்டுவிடலாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பவலுக்குக் கீழே ஹூவர் அணைக்குப் பின்னாலிருக்கும் மீட் ஏரி 2022 ஜூலையில் சுமார் 1,040 அடிக்கு இறங்கியது, 1937இல் நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப்பின் அதுதான் மிகக் குறைவு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முப்பது அடிக்கு மேல் மீண்டது. அதில் பனிக்கு மட்டும் பெருமை சேராது. மேலே பவலிலிருந்து கூடுதலாக விட்ட நீரும், அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்கள் 2023இல் ஒப்புக்கொண்ட பயன்பாட்டுக் குறைப்பும் சேர்ந்த கணக்கு அது. பவலோ 2025இல் மறுபடி நன்றாக இறங்கியது. ஒரு நல்ல பனி ஆண்டு ஒரு நல்ல படகுப் பருவத்தைத் தரும், அவ்வளவுதான். பல ஆண்டு வறட்சி தோண்டிய பள்ளத்தை அது நிரப்பாது.

அன்றன்றைய மட்டம்

வாராந்திர மட்டத்தை நம்பும்போது காற்றையும் கணக்கில் வையுங்கள். பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரி ஆழம் குறைந்தது, நீளவாக்கில் காற்று வீசுவதற்கு வசதியாகப் படுத்திருப்பது. பலத்த தென்மேற்குக் காற்று வீசினால் தண்ணீர் மேற்கு முனையிலுள்ள டோலிடோ பக்கத்திலிருந்து கிழக்கு முனையிலுள்ள பஃபலோ பக்கம் ஒதுங்கி, இரு முனைகளுக்கும் இடையே ஆறடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஏரியின் சராசரி மட்டம் உயர்வாக இருந்தாலும் மேற்கு முனையில் கட்டிய படகு அன்று தரை தட்டும். காற்று நின்றதும் தண்ணீர் திரும்பி வந்து ஊஞ்சலாடும்.

பேரேரிகளுக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு வாராந்திர மட்டத்தையும் ஆறு மாத முன்கணிப்பையும் வெளியிடுகிறது. கொலராடோ நீர்த்தேக்கங்களுக்கு அந்த அணைகளை நிர்வகிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான பீரோ ஆஃப் ரெக்ளமேஷன் ஒவ்வொரு மாதமும் 24 மாத முன்கணிப்பு வெளியிடும். அதில் ஒரே கோடு இருக்காது. எதிர்பார்க்கும் மட்டம், ஈர ஆண்டானால் எவ்வளவு, வறண்ட ஆண்டானால் எவ்வளவு என்று மூன்று இருக்கும். நடுக்கோட்டை மட்டும் பார்த்து ஆகஸ்டுக்கு வீட்டுப் படகு பதிவு செய்கிறவர்கள் அதிகம். வறண்ட ஆண்டுக்கான கோட்டை எடுத்து, நீங்கள் படகு இறக்க நினைக்கும் தளத்தின் குறைந்தபட்ச மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கோடு தளத்தின் மட்டத்துக்கு மேலே இருந்தால் முன்பணம் கட்டலாம். கீழே இருந்தால், பதிவை ரத்து செய்ய என்ன நிபந்தனை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.